நனோ கூலன்ட், நனோ ஒயில்: துகள் எங்கே உதவும், எங்கே உதவாது

உதிரிப்பாகக் கடைத் தட்டுகளிலும் கைபேசி விளம்பரங்களிலும் ‘நனோ’ என்று அச்சடித்த சிறு போத்தல்கள் வருகின்றன. ஒன்றை றேடியேற்றருக்குள் ஊற்றச் சொல்கிறார்கள், இன்னொன்றை எஞ்சின் ஒயிலுக்குள். எஞ்சின் சூடேறாது, டீசல் மிச்சப்படும், றிங் தேயாது என்பது வாக்குறுதி. மறுபக்கத்தில், நனோ துகள் கலந்த திரவம் வெப்பத்தை 40 வீதம் கூடுதலாகக் கடத்தியது, உராய்வு வெகுவாகக் குறைந்தது என்ற ஆய்வு முடிவுகளும் மெய்யாகவே இருக்கின்றன. கால போக நெல்லை வெட்ட மாசியில் இயந்திரத்தை வயலுக்குள் இறக்கப்போகும் ஒருவர் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து விளங்கிக்கொள்வது?

பதில் ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவது திரவம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. அதை மாற்ற நிறையத் துகள் வேண்டும். உராய்வு இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் மெல்லிய பரப்பில் மட்டும் நடப்பது. அதை மாற்றச் சிறிதளவு துகள் போதும். அதனால்தான் ‘நனோ கூலன்ட்’ என்ற சிறு போத்தல் கணக்கிலேயே தோற்றுப்போகிறது. ‘நனோ ஒயில்’ கணக்கில் தோற்பதில்லை, ஆனால் வேறு இடங்களில் சறுக்குகிறது.

எவ்வளவு சிறியது

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோ மீற்றர். ஆய்வுகளில் பயன்படும் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 நனோ மீற்றர் வரை. கண்ணாடிபோல் தெரியும் கிறைண்ட் செய்த தண்டின் மேற்பரப்பிலேயே 200 முதல் 400 நனோ மீற்றர் அளவுக்கு மேடு பள்ளம் உண்டு. 50 நனோ மீற்றர்த் துகள் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்துவிடும். ஒயில் பில்ரரின் துளைகள் 20,000 நனோ மீற்றருக்கு மேல் இருப்பதால் தனித் துகள் அதற்குள் தடையில்லாமல் போகும்.

சிறியதாக்கும்போது மேற்பரப்பு பெருகுகிறது. 50 நனோ மீற்றர் விட்டமுள்ள அலுமினியம் ஒட்சைட்டுத் துகள் ஒரு கிராமை விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீற்றர், அதாவது ஐந்துக்கு ஆறு மீற்றர் அறையின் தரை அளவு. இந்தப் பரப்புத்தான் நன்மைக்கும் காரணம், பின்னர் வரும் தொல்லைகளுக்கும் காரணம்.

வெப்பம்: 40 வீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது

நீர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். அதன் வெப்பக் கடத்தாறு, மீற்றருக்கும் பாகைக்கும் 0.6 வாட் அளவு. எஞ்சின் ஒயில் 0.14, கூலன்டில் உள்ள எதிலீன் கிளைக்கோல் 0.25. செப்போ 400. அப்படியென்றால் செப்புத் தூளைத் திரவத்தில் கலந்தால் என்ன என்ற எண்ணம் பழையது. கலவையின் கடத்தாற்றைக் கணிக்கும் வழியை பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் 1873இலேயே எழுதிவைத்தார். கலந்து பார்த்தவர்களுக்குத் தடையாக நின்றது தூளின் பருமன்தான். மைக்ரோ மீற்றர் அளவுத் தூள் அடியில் படிந்தது, குழாயை அடைத்தது, பம்மை அரித்தது.

1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் சோயும் சக ஆய்வாளர்களும் நனோ அளவுத் துகளைக் கலக்கும் யோசனையை முன்வைத்து, அதற்கு ‘நனோ திரவம்’ என்று பெயரிட்டார்கள். 2001இல் அதே வட்டத்திலிருந்து வந்த அளவீடுதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: எதிலீன் கிளைக்கோலில் கனவளவில் 0.3 வீதம் செப்புத் துகள், கடத்தாற்றில் 40 வீத உயர்வு. மக்ஸ்வெல் வழியில் கணித்தால் ஒரு வீதம்கூட வரக்கூடாது. புதிதாக ஏதோ பௌதிகம் இருக்கிறது என்று பலர் நம்பினார்கள்.

அதன் பிறகு நடந்தது செய்திகளில் அவ்வளவாக வருவதில்லை. உலகெங்கும் 30க்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரித் திரவங்களைப் பங்கிட்டு எடுத்து, பல முறைகளில் அளந்து, 2009இல் முடிவை ஒன்றாக வெளியிட்டன. அந்த மாதிரிகளில் அதிசய உயர்வு காணப்படவில்லை. அளவீடுகள் மக்ஸ்வெல் வழிக் கணிப்போடு நன்றாகவே ஒத்துப்போயின. நன்றாகக் கடத்தும் உருண்டைத் துகள்களுக்கு அந்தக் கணிப்பு எளிது: கனவளவில் சேர்த்த வீதத்தின் மூன்று மடங்கு உயர்வு. 1 வீதம் சேர்த்தால் 3 வீதம் கிடைக்கும். காபன் நனோகுழாய், கிரபீன் தகடு போன்ற நீண்ட, தட்டையான துகள்கள் இதைவிடக் கூடக் கொடுக்கும். அவற்றோடு பாகுநிலையும், அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தடிப்பும், வேகமாக ஏறும்.

சிறு போத்தலின் கணக்கு

உழவு இயந்திரத்தின் குளிரூட்டும் தொகுதி 10 லீற்றர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கனவளவில் 1 வீதம் என்றால் 100 மில்லிலீற்றர் துகள். அலுமினியம் ஒட்சைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே 400 கிராம் தூள் வேண்டும். கிடைப்பது 3 வீத உயர்வு.

2. 250 மில்லிலீற்றர்ப் போத்தலில் எடைக்கு 2 வீதம் துகள் இருந்தால், உள்ளே இருப்பது 5 கிராம். 10 லீற்றரில் அது கனவளவுக்கு 0.013 வீதம். கடத்தாறு உயர்வது 0.04 வீதம். எந்த வெப்பமானியாலும் இந்த மாற்றத்தைக் காண முடியாது.

3. சரி, 400 கிராமையே கொட்டினால்? திரவம் தடிக்கிறது. நன்றாகக் கலைந்த உருண்டைத் துகளுக்குப் பாகுநிலை, கனவளவில் சேர்த்த வீதத்தின் குறைந்தது 2.5 மடங்கு வீதம் ஏறும் என்பது ஐன்ஸ்டைன் 1906இல் போட்டு 1911இல் திருத்திய கணக்கு. துகள்கள் ஒட்டிக்கொண்டால் அதைவிடப் பல மடங்கு ஏறும். சீராக, சுழிப்பில்லாமல் ஓடும் திரவத்தில், பாகுநிலையின் உயர்வு கடத்தாற்றின் உயர்வைப்போல் நான்கு மடங்கைத் தாண்டினால் பம்முக்கு நட்டம், எஞ்சினுக்கு இலாபமில்லை என்பது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோல். தாண்டிவிடும் கலவைகள் ஏராளம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நீரில் பாதிக்குப் பாதி கிளைக்கோல் கலந்தாலே கடத்தாறு 0.6இலிருந்து 0.4 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்நாடுகளில் உறைவைத் தடுக்க அது கட்டாயம். வன்னியில் நீர் உறைவதில்லை. இங்கே கூலன்டிடம் நமக்கு வேண்டியது துருத்தடுப்பும், ஓரளவு கூடிய கொதிநிலையும். இயந்திரக் கைநூல் அனுமதிக்கும் மிகக் குறைந்த கிளைக்கோல் அளவில் நிற்பதே, எந்தத் துகளையும்விட வெப்பத்துக்கு நல்லது.

தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும்

வெப்பம் எஞ்சினிலிருந்து வெளியேற மூன்று கதவுகளைத் தாண்டுகிறது: கூலன்டிலிருந்து குழாய்ச் சுவருக்கு, சுவருக்கூடாக, சுவரிலிருந்து காற்றுக்கு. காற்றுப் பக்கம்தான் ஒடுங்கிய கதவு. றேடியேற்றரின் மெல்லிய தகட்டுச் செட்டைகளை அவ்வளவு நெருக்கமாக அடுக்கி வைத்திருப்பதும் அதற்காகவே. எடுத்துக்காட்டுக்கு மொத்தத் தடையை 100 என்று கொண்டால், காற்றுப் பக்கம் 75, கூலன்ட் பக்கம் 20, உலோகம் 5 என்று பிரியலாம்.

நனோ திரவம் கூலன்ட் பக்கத்தை 10 வீதம் மேம்படுத்துகிறது என்று தாராளமாகவே கொடுப்போம். 20 என்பது 18 ஆகிறது. மொத்தம் 98.

இப்போது செட்டைகளில் கால்வாசி வைக்கோல் கூளத்தாலும் சப்பியாலும் அடைபட்டால், 75 என்பது 100 ஆகிறது. மொத்தம் 125. அறுவடை இயந்திரத்தின் றேடியேற்றர் வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலைக்கண்ணில் நெற்சுணை ஒட்டி, அதன்மேல் ஈரத்தூசி படிந்து, காய்ந்து, அட்டை போல நிற்கும். கையால் தட்டினால் மேலே உள்ளது மட்டும் விழும், சுணை நிற்கும். காற்றடிக்கும்போது விசிறிப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளி அடிக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் கூளம் செட்டைக்குள் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். உயர் அழுத்த நீர் செட்டையை மடித்துவிடும். மடிந்த செட்டையும் அடைத்த செட்டையும் ஒன்றுதான்.

உட்பக்கக் கேடு கண்ணுக்குத் தெரியாது. மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரையான கரையோரப் பகுதியில் நிலத்தடியில் சுண்ணக்கல். வவுனியாப் பக்கம் பாறை நிலமானாலும் பல கிணறுகளில் வன்னீர்தான். கேத்தில் அடியில் படியும் அந்த வெள்ளைப் படைதான் எஞ்சினின் நீர்ச் சட்டைக்குள்ளும் படிகிறது. அந்தப் படையின் கடத்தாறு 2 அளவு, வார்ப்பிரும்பினது 50 அளவு. ஒரு மில்லிமீற்றர் படை, 25 மில்லிமீற்றர் தடிப்பான கூடுதல் இரும்புச் சுவருக்குச் சமம். மேலே சொன்ன கணக்கில், றேடியேற்றர்க் குழாய்க்குள் 0.3 மில்லிமீற்றர் படை மட்டும் இருந்தாலே மொத்தத் தடை 12 அளவு கூடும். நனோ திரவம் தரக்கூடியதைப் போல் ஆறு மடங்கு இழப்பு.

எனவே சூடேறும் எஞ்சினுக்குப் பார்க்க வேண்டிய ஒழுங்கு இது:

1. செட்டையும் வலையும். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு நாளும், தூசி கூடிய வயலில் மதியமும்.

2. பான் பெல்ற். இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் விசிறி வழுக்குகிறது.

3. றேடியேற்றர் மூடியின் றப்பரும் சுருளும். 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி நீரின் கொதிநிலையை 119 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. றப்பர் வெடித்த மூடியில் 100 பாகையிலேயே கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

4. தேர்மோஸ்ரற். சட்டியில் நீரோடு சூடாக்கி, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் (பெரும்பாலும் 82 பாகைக்குக் கிட்ட) திறக்கிறதா என்று பார்க்கலாம். கழற்றி எறிவது தீர்வல்ல. எஞ்சின் குளிர்ந்தே ஓடி, றிங்கும் சிலிண்டரும் வேகமாகத் தேயும்.

5. நீர். கிணற்று நீரை ஊற்றுவதை நிறுத்துங்கள். மாரியில் முதல் மழைக்குக் கூரை கழுவிய பின் பிடித்த மழைநீர், அல்லது ஊர்களில் இப்போது பரவலாகக் கிடைக்கும் சுத்திகரிப்பு நிலைய நீர் நல்லது. இரண்டிலும் உப்பு குறைவு, ஆனால் துருத்தடுப்பு இல்லை. கூலன்ட் சாறு கலந்தே ஊற்ற வேண்டும்.

இந்த ஐந்தும் முடிந்த பிறகும் சூடேறினால், பம் அல்லது சிலிண்டர் கெட் காஸ்கெற் பற்றி யோசிக்கலாம். அந்த வரிசையில் நனோ போத்தலுக்கு இடமில்லை.

நனோ திரவ ஆய்வே வீண் என்று இதற்குப் பொருளல்ல. காற்றுப் பக்கம் என்ற ஒடுங்கிய கதவு இல்லாத இடங்களில், கூலன்ட் பக்கமே தடையாக இருக்கும் இடங்களில், அதற்கு வேலை உண்டு: மின்னணுச் சில்லுகளைத் திரவத்தால் குளிரூட்டுதல், சூரிய வெப்பத்தைத் திரவமே நேரடியாக உறிஞ்சும் சேகரிப்பான்கள். கொதிக்கும் பரப்பில் துகள் மெல்லப் படிந்து, அந்தப் பரப்பு தாங்கக்கூடிய ஆகக்கூடிய வெப்பப்பாய்வை உயர்த்துவதும் மீண்டும் மீண்டும் காணப்பட்ட விளைவு.

தேத்தாங்கொட்டையும் துகளும்

இந்த ஆய்வுத்துறையின் தீராத தலையிடி துகள்கள் திரளுவது. இதை விளங்க வன்னியில் ஆய்வுகூடம் தேவையில்லை. மழைக்குப் பிறகு குளத்து நீர் பால் தேநீர் நிறத்தில் கலங்கி நிற்கும். நாட்கணக்கில் வைத்தாலும் தெளியாது. பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, அதில் அந்த நீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் சேறு அடியில் இறங்கி மேலே தெளிநீர் நிற்கும். படிகாரமும் அதையே செய்யும்.

களித் துகள்கள் எல்லாமே மறை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையில் உள்ள பொருள் அந்த ஏற்றத்தை ஆற்றி, துகளைத் துகளோடு கோக்கிறது. திரண்டவை பாரத்தால் இறங்குகின்றன. கலங்கல் நீரைத் தெளிய வைக்க எது வேண்டுமோ, அதுவே நனோ திரவத்துக்கு நஞ்சு.

எண்ணில் பார்ப்போம். 50 நனோ மீற்றர் அலுமினியம் ஒட்சைட்டுத் துகள் நீரில் ஒரு நாளைக்கு 0.35 மில்லிமீற்றர் வேகத்தில்தான் இறங்க முயலும். நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதல் அதையும் கலைத்து மேலே வைத்திருக்கும். அதே துகள்கள் 5 மைக்ரோ மீற்றர்க் கட்டியாகத் திரண்டால் விட்டம் 100 மடங்கு, இறங்கும் வேகம் 10,000 மடங்கு. பத்துச் சென்றிமீற்றர்ப் போத்தலில் அது முக்கால் மணி நேரத்தில் அடியைத் தொடும்.

திரளாமல் வைத்திருக்க ஆய்வுகூடத்தில் செய்வது: ஒலியதிர்வால் கட்டியை உடைப்பார்கள், துகளின் மேல் சவர்க்காரம் போன்ற பொருளைப் பூசுவார்கள், பிஎச் அளவைச் சரிசெய்து மின்னேற்றத்தைக் கூட்டுவார்கள். அந்த ஏற்றத்தை மில்லிவோல்ற்றில் அளப்பார்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 30ஐத் தாண்டினால் திரவம் நிலைக்கும் என்பது பொது வழக்கு.

எஞ்சினுக்குள் போனதும் இந்த ஏற்பாடு ஒவ்வொன்றாகக் குலைகிறது. அலுமினியம் ஒட்சைட்டின் மின்னேற்றம் பிஎச் 9 அளவில் பூச்சியமாகும், பல கூலன்டுகள் நிற்பதும் அதே அக்கம்பக்கத்தில்தான். பூச்சுப் பொருள்களில் பல எஞ்சின் வெப்பத்தில் கழன்றுவிடும், சில நுரைக்கும். நுரையில் உள்ள காற்று வெப்பத்தைக் கடத்தாது. அவசரத்துக்கு ஒருவர் கிணற்று நீரை ஊற்றினாரென்றால் அதிலுள்ள கல்சியம் அயன், இரட்டை ஏற்றம் கொண்டது, படிகாரத்தின் வேலையைத் தொடங்கிவிடும். திரண்டது றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களில்தான் போய் நிற்கும்.

உராய்வு: துகளுக்கு உண்மையான வேலை உள்ள இடம்

ஜேர்மன் பொறியியலாளர் றிச்சர்ட் ஸ்டிறிபெக் 1902இல் பெயாரிங்குகளை வைத்து அளந்து வரைந்த வளைகோடு இன்றும் இத்துறையின் அடித்தளம். அது மூன்று நிலைகளைக் காட்டுகிறது.

1. முழுப் படலம். தண்டு வேகமாகச் சுழல்கிறது, ஒயில் தானே ஆப்புப்போல் புகுந்து இரண்டு உலோகத்தையும் பிரிக்கிறது. இங்கே உராய்வைத் தீர்மானிப்பது ஒயிலின் பாகுநிலை மட்டுமே. துகளுக்கு வேலையில்லை.

2. கலப்பு நிலை. படலம் மெலிந்து, மேடுகளின் நுனிகள் இடையிடையே தொடுகின்றன.

3. எல்லை நிலை. படலம் இல்லை. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சில மூலக்கூற்று அடுக்குகள்தான் உலோகத்தைக் காக்கின்றன. பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணம், வால்வைத் தள்ளித் திறக்கும் கமின் மூக்கு, காலையில் முதல் முறை ஸ்ராட் செய்யும் நொடிகள், சேற்றுழவில் மெல்லச் சுழன்று பெரும் பாரம் இழுக்கும் பல்சக்கரம் ஆகியவை இந்த வகை.

இரண்டாம், மூன்றாம் நிலைகளில்தான் நனோ துகள் உள்ளே வருகிறது. நான்கு வழிகள் பேசப்படுகின்றன: சிறு குண்டுபோல் உருள்வது, கீறலை நிரப்புவது, மேட்டை மெல்ல மினுக்குவது, அழுத்தத்தில் உடைந்து மேற்பரப்பில் வழுக்கும் படலமாகப் பரவுவது. நால்வகையில் கடைசியானதுக்கே வலுவான சான்று இருக்கிறது என்பது என் கணிப்பு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் றெஷெப் டென்னே குழு 1992இல் வெங்காயம்போல் அடுக்கடுக்கான தங்குதன் இருசல்பைட்டுத் துகளை உருவாக்கியது. 1997இல் அது நல்ல வழுக்கி என்று காட்டப்பட்டது. துகள் நசுங்கும்போது வெங்காயத் தோல்போல் ஏடு உரிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

எடைக்கு 1 வீதமும் அதற்குக் குறைவாகவும் இதற்குப் போதும். கூட்டினால் நன்மை கூடாது. ஏறத்தாழ எல்லாத் துகளுக்கும் ஒரு உகந்த அளவு உண்டு, அதைத் தாண்டினால் திரளத் தொடங்கி, தேய்வு மறுபடி ஏறும். அலுமினியம் ஒட்சைட்டு, அரக்கடதாசியில் ஒட்டப்படும் அதே பொருள் என்பதை மறக்கக்கூடாது. தனித் துகளாக இருக்கும் வரை மினுக்கும், கட்டியானால் அராவும்.

ஆய்வுச் செய்தியை வாசிக்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி: எதனோடு ஒப்பிட்டார்கள்? பெரும்பாலான பரிசோதனைகளில் ஒப்பீடு சேர்மானம் எதுவும் கலக்காத வெறும் அடிப்படை ஒயிலோடு. கடையில் வாங்கும் 15டபிள்யூ-40 வெறும் ஒயில் அல்ல. நாகமும் பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த இசட்டீடீபீ என்ற சேர்மானம் 1940களிலிருந்து எஞ்சின் ஒயிலில் இருக்கிறது. சூட்டிலும் உரசலிலும் அது 50 முதல் 150 நனோ மீற்றர் தடிப்பான காப்புப் படலத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. நனோ அளவிலான பாதுகாப்பு சாதாரண ஒயிலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புதிய துகள் அதே இடத்துக்குப் போட்டிபோடும். ஒரு கிராமுக்கு 30 சதுர மீற்றர் பரப்பு என்றோமே, அந்தப் பரப்பு ஒயிலில் உள்ள நல்ல சேர்மானங்களையும் உறிஞ்சி ஒட்டவைத்துக்கொள்ளும். வெறும் ஒயிலில் பாதியாகக் குறைந்த உராய்வு, முழுமையான ஒயிலில் சிறு மாற்றமாகச் சுருங்குவது இதனாலேயே.

டீசல் மிச்சம் எவ்வளவு இருக்கலாம்

கார்களைப் பற்றி 2012இல் பின்லாந்தின் கென்னத் ஹோல்ம்பெர்க் குழு வெளியிட்ட கணக்கில், எரிபொருளின் சக்தியில் 38 வீதம் பொறிமுறை வேலையாகிறது. எஞ்சினின் உள் உராய்வு எரிபொருளின் 11.5 வீதத்தை எடுக்கிறது. ‘20 வீத எரிபொருள் மிச்சம்’ வர வேண்டுமானால் அந்த 38இல் ஐந்தில் ஒரு பங்கான 7.6 வீதப் புள்ளிகள் குறைய வேண்டும். அதாவது எஞ்சினின் முழு உராய்வில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோக வேண்டும். அந்த உராய்வின் பெரும் பங்கு துகள் தொடமுடியாத முழுப் படல நிலையில் இருக்கிறது. ஆகவே அந்த எண் நடவாது. எஞ்சின் உராய்வு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எரிபொருளில் 3 வீதம் அளவு மிஞ்சலாம், அதுவே நல்ல சாதனை. பாரம் இழுக்கும் உழவு இயந்திரத்தில் உள் உராய்வின் பங்கு இதைவிடச் சிறிது.

ஊற்றவே கூடாத இடங்கள்

மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கிளச் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கிளச் பிடிப்பது உராய்வால். உராய்வைக் குறைக்கும் சேர்மானத்தை ஊற்றினால் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி போகாது, தட்டுகள் எரியும். போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறியீட்டைப் பார்த்து ஒயில் வாங்குவது இதற்காகவே. நாலு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் பின் அச்சு ஒயிலில் மூழ்கி இருக்கும். அங்கே ஊற்றினால் விளைவு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கெட்டுப்போவது பிரேக்.

சேற்றுழவு செய்யும் இயந்திரங்களில் அச்சு சீல் தேய்ந்து நீர் உள்ளே போவது வழமை. ஒயில் பால்நிறமானால் துகளைப் பற்றிப் பேச்சே இல்லை. சீலை மாற்றி, ஒயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். காற்று வடிகட்டிக்கும் இதே விதி. வயல் தூசியில் பெரும்பகுதி சிலிக்கா, இரும்பைக் கீறும் கடினம் கொண்டது. வடிகட்டிக் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் உள்ளே போகும் தூசி செய்யும் சேதத்தை எந்தப் போத்தலும் திருப்பித் தராது.

நமக்குக் கிட்டே உள்ள மூலப்பொருள்

இலங்கையின் போகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டப்படும் நாளக் காரீயம் (பாறைப் பிளவுகளில் நாளமாக ஓடும் கிராபைட்டு) உலகிலேயே தூய்மைக்குப் பெயர்போனது. கிரபீனுக்கு அதுதான் தாய். முல்லைத்தீவுக்குத் தெற்கே புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைட்டு இருக்கிறது. அதிலிருந்து தைத்தேனியம் இருஒட்சைட்டு எடுக்கலாம். ஆலைகளின் பின்னால் குவியும் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவு சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா. சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்து, காரத்தில் கரைத்து, அமிலத்தால் வீழ்த்தினால் நனோ சிலிக்கா கிடைக்கும். 700 பாகைக்கு மேல் விட்டால் படிகமாக இறுகத் தொடங்கும், அது சுவாசத்துக்கும் கேடு.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே நடக்கவேண்டிய பரிசோதனை புதிய துகளைச் செய்வது அல்ல என்று நினைக்கிறேன். சந்தையில் உள்ள முழுமையான ஒயிலில், இங்குள்ள தூசியோடும் நீர்க்கசிவோடும், 200 மணி நேரம் ஓடிய பின் என்ன நடக்கிறது என்று அளப்பதே வேண்டியது. அந்த அளவீடு வன்னிக்கு வெளியே எவரும் செய்து தரப்போவதில்லை.

கையாளும்போது

தூளாக வரும் நனோப் பொருளை மூடிய அறையில் கொட்டிக் கலக்கக் கூடாது. சுவாசப்பைக்குள் ஆழமாகப் போகும். சாதாரணத் துணி முகமூடி இதைத் தடுக்காது. துகள் கலந்த பழைய ஒயிலையும் கூலன்டையும் கிணற்றடியிலோ வாய்க்கால் கரையிலோ ஊற்றக் கூடாது. கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், ஆடுமாடும் நாயும் நக்கும், நக்கினால் சாகும்.

வாங்குமுன் ஒரு போத்தல் சோதனை

இரண்டு ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்கள் எடுங்கள். இரண்டிலும் நீங்கள் வழமையாக ஊற்றும் ஒயில், 200 மில்லிலீற்றர் வீதம். ஒன்றில் மட்டும் சேர்மானத்தைச் சொல்லப்பட்ட விகிதத்தில் கலந்து நன்றாகக் குலுக்குங்கள். மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு இரண்டையும் 80 பாகை அளவு சுடுநீரில், ஒயிலுக்குள் நீர் போகாமல், மூன்று மணி நேரம் நிறுத்தி, பின் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு மெதுவாகச் சரித்து அடியை வெளிச்சத்தில் பாருங்கள். சேர்மானம் கலந்த போத்தலின் அடியில் மட்டும் சேறுபோல் படிந்திருந்தால், அதே சேறு ஒயில் சம்பின் அடியிலும் பில்ரரிலும் படியும். படியவில்லை என்றால் அது முதல் தடையைத் தாண்டியிருக்கிறது. அதன் பிறகு விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: துகள் எது, எடைக்கு எத்தனை வீதம், ஒப்பீடு வெறும் ஒயிலோடா முழு ஒயிலோடா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத போத்தலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல ஒயில் பில்ரர் வாங்கலாம்.